ஒரே கோழிக்கு இரண்டு பியர்: இசகாயா சாப்பாடும் கிராஃப்ட் பியரும்

டோக்கியோவுக்கு வேலைக்குப் போன புதிதில், ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், எட்டுப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் ஒரு இசகாயாவுக்குள், அதாவது குடிக்கவும் கொறிக்கவும் உட்காரும் ஜப்பானியக் கடைக்குள் நுழைந்து, பலகையில் இருந்ததிலேயே ஆல்கஹால் அதிகமான ஐபிஏ (கசப்பு தூக்கலான பியர் வகை) ஒன்றையும் வினிகரில் ஊறவைத்த கானாங்கெளுத்தி ஒரு தட்டையும் கேட்டேன். இரண்டுமே நல்ல சரக்குதான். சேர்த்துச் சாப்பிட்டபோது துருப்பிடித்த குழாயை நக்கியதுபோல இருந்தது. மீன் கெட்டுப்போய்விட்டதோ என்று நான் மோந்து பார்ப்பதை அடுப்பில் நின்ற தைஷோ கவனித்துவிட்டார் (கடைக்காரரை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், தளபதி என்று பொருள், சிரிக்காதீர்கள்). "அந்த கிளாஸை அப்படியே ஓரமா வைங்க, கோழி வரட்டும்" என்றார். உப்பு மட்டும் தூவிக் கரியில் சுட்ட கோழிக் குச்சி இரண்டு வந்தது. அதே பியர், அதே நாக்கு, ஐந்து நிமிட இடைவெளி. இந்த முறை ஆரஞ்சுத் தோல் கிள்ளியது போன்ற வாசனை வந்தது, கசப்பு எங்கேயோ பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

பியரிலும் குற்றமில்லை, மீனிலும் குற்றமில்லை, ஜோடிதான் தப்பு. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த பியர் என்று மனப்பாடம் செய்ய அட்டவணை தேடுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கோழியா மீனா என்று பார்க்காதீர்கள், அதன்மேல் என்ன தடவியிருக்கிறது, எப்படிச் சமைத்திருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் மெனு புரியாத கடையிலும் தைரியமாக உட்காரலாம்.

முதலில் இடத்தைப் பற்றி. இசகாயா என்ற சொல்லில் 'இ' என்றால் இருத்தல், 'சகாயா' என்றால் சாக்கே, அதாவது அரிசி மது, விற்கும் கடை. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) வாங்கிய சாக்கேயை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடையிலேயே இருந்து குடிக்கவிட்டார்கள், அப்புறம் கடிக்க ஏதாவது கொடுக்க ஆரம்பித்தார்கள், அது வளர்ந்து இன்றைய இசகாயா ஆனது. கடிக்கக் கொடுப்பதற்கு ஒட்சுமாமி என்று பெயர். நம் ஊரில் சைட் டிஷ் என்கிறோமே, அதேதான். ஆனால் நம் ஆட்கள் மிக்சரையும் ஆம்லெட்டையும் சரக்கு இறங்குவதற்கான துணையாக மட்டும் பார்ப்பார்கள். அங்கே பாதிப் பேர் வருவதே சாப்பாட்டுக்காகத்தான். எல்லாம் சின்னச் சின்னத் தட்டு, எல்லாம் பொதுவில், இரண்டு மணி நேரத்தில் ஏழெட்டு வகை வந்து போகும். அதனால்தான் ஒரே பியரை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டுவது கொஞ்சம் வீண்.

உட்கார்ந்ததுமே நீங்கள் கேட்காத ஒரு குட்டிக் கிண்ணம் மேசைக்கு வரும். ஓதோஷி. அது இலவசம் இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம் மாதிரி, பெரும்பாலும் முந்நூறிலிருந்து ஐந்நூறு யென் வரை பில்லில் ஏறும். முதல் தடவை நான் சண்டைக்கே போய்விட்டேன். போகாதீர்கள்.

அடுத்து எல்லோர் வாயிலிருந்தும் வரும் வாக்கியம் "தோரியாஎசு பீரு". இப்போதைக்கு ஒரு பியர், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். இந்த 'இப்போதைக்கு' பியர் எப்போதும் மெல்லிய, சில்லென்ற லாகர்தான் (குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் வகை). அசாஹி, கிரின், சப்போரோ, சன்டோரி என்ற நான்கு பெரிய கம்பெனிகளில் ஒன்றுடையதாக இருக்கும். 1987இல் அசாஹி சூப்பர் டிரை வந்தபிறகு இனிப்பு குறைந்து நறுக்கென்று முடியும் ருசி நாடு முழுக்கப் பரவியது. கிராஃப்ட் பியர் (சின்ன ஆலைகளில் காய்ச்சும் பியர்) பிரியர்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள், நான் பேசமாட்டேன். சாப்பாட்டோடு சண்டை போடாமல் வாயைக் கழுவிவிட்டு விலகிக்கொள்வதும் ஒரு திறமைதான். உப்புப் போட்டு வேகவைத்த எடமாமேக்கு, அதாவது தோலோடு வரும் பச்சை சோயாப் பயறுக்கு, இதைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் குடிக்கவில்லை.

கிராஃப்ட் பியர் ஜப்பானுக்குத் தாமதமாக வந்ததற்கு ருசி காரணமில்லை, சட்டம்தான் காரணம். பியர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்றால் ஆண்டுக்குக் குறைந்தது இருபது லட்சம் லிட்டர் காய்ச்சியாக வேண்டும் என்று விதி இருந்தது. 1994இல் அதை 60,000 லிட்டராகக் குறைத்தார்கள். உடனே ஊருக்கு ஊர் சின்ன ஆலைகள் கிளம்பின, 'ஜி-பீரு', உள்ளூர் பியர் என்று பெயர் வைத்தார்கள். நிறைய பேர் சுற்றுலாப் பயணிகளுக்கு விலையேற்றி விற்கலாம் என்ற கணக்கில் இறங்கியதால் பாதி ஆலைகளின் சரக்கு வாயில் வைக்க முடியாமல் இருந்தது, மோகம் சீக்கிரமே வடிந்தது. தாக்குப்பிடித்தவர்கள்தான் இன்றைக்குப் பெரிய பெயர்கள்: 1823இலிருந்து சாக்கே காய்ச்சிவந்த இபராக்கியின் கியூச்சி குடும்ப ஆலை 1996இல் தொடங்கிய ஹிட்டாச்சினோ நெஸ்ட் (லேபிளில் ஆந்தை இருக்கும்), நாகானோ மலைப்பக்கத்து கருயிசாவாவின் யோ-ஹோ ஆலை 1997இல் இறக்கிய யோனா யோனா ஏல், நுமாசு துறைமுகத்தில் ஆரம்பித்த பெயர்ட். இந்த பெயர்ட்காரர்கள் டோக்கியோவின் ஹராஜுகுவில் திறந்த கடையில், பர்கரும் பிரெஞ்சு ஃபிரைஸும் போடாமல், யாகிடோரி (குச்சியில் கோத்துக் கரியில் சுடும் கோழி) சுட்டு இசகாயா மாதிரியே நடத்தினார்கள். இந்த ஜோடி வெறும் கற்பனை இல்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

சரி, பியரில் எதைப் பார்ப்பது? நாலே விஷயம். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வரும் கசப்பும் வாசனையும், மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, தரும் இனிப்பும் வறுத்த மணமும், காஸ், ஆல்கஹால். பில்ஸ்னர் என்றால் மெல்லிய மால்ட், சுத்தமான கசப்பு. கோதுமை பியர் என்றால் கசப்பு மிகக் குறைவு. ஜெர்மன் வகையில் ஈஸ்ட்டே வாழைப்பழ, கிராம்பு வாசனையைக் கொடுத்துவிடும், பெல்ஜியம் வகையில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள் (ஆமாம், நம் தனியாவேதான்). ஏல் என்றால் லாகரைவிட வெதுவெதுப்பில் புளிக்கவைப்பது, அதில் பேல் ஏல் நடுவாந்தரம். ஐபிஏ என்றால் ஹாப்ஸ் தூக்கல். போர்ட்டர், ஸ்டவுட் என்றால் மால்ட்டைக் கருக வறுத்தது, காப்பிக்கொட்டை வாசனை.

இவை சாப்பாட்டோடு சேரும்போது என்ன நடக்கிறது என்பது நம் சமையலறையிலேயே தெரிந்த விஷயம். பாகற்காயை நறுக்கி உப்புப் பிசிறி வைக்கிறோம், சாறோடு கசப்பு கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அதற்குமேல் இன்னொன்றும் நடக்கிறது: உப்பு நாக்கில் இருக்கும்போது கசப்பு நமக்கே மட்டாகத்தான் தெரியும். அந்த ஐபிஏ உப்புக் கோழியோடு சாதுவானது இதனால்தான். இரண்டாவது, எண்ணெய். பஜ்ஜி தின்றபின் வாயில் படியும் எண்ணெய்ப் படலத்தைக் காஸும் கசப்பும் புளிப்பும் சுரண்டி எடுத்துவிடும், அடுத்த கடி முதல் கடி மாதிரி இருக்கும். மூன்றாவது எனக்குப் பிடித்தது, மணத்துக்கு மணம். தோசை ஓரம் முறுகிச் சிவக்கும்போது வருகிற வாசனை, இறைச்சி கரியில் பழுப்பாகும்போது வருகிற வாசனை, மால்ட் சூளையில் நிறம் மாறும்போது வருகிற வாசனை, மூன்றுமே ஒரே வேதிவினையின் பிள்ளைகள். காணும் பொங்கலன்று சொந்தக்காரர்கள் அடையாளம் கண்டுகொள்வதுபோல அவை வாயில் சந்தித்துக்கொள்ளும்.

ஜப்பான் சாப்பாட்டில் இன்னொரு சங்கதி உண்டு, அது நம் அறுசுவைக் கணக்கில் இல்லாதது: உமாமி. கொம்பு என்ற கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றில் இருக்கும் அந்த ருசி குளூட்டமேட்டால் வருகிறது என்று 1908இல் கண்டுபிடித்து அதற்குப் பெயரும் வைத்தவர் இகேதா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர். சோயா சாஸ், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), காய்ந்த சூரை மீன் சீவல், எல்லாவற்றிலும் இது இருக்கிறது. உமாமி நிறைந்து உப்பு குறைந்த பண்டங்கள், உதாரணத்துக்குத் தாஷிச் சாற்றில் (கொம்பும் சூரை மீன் சீவலும் போட்டு எடுத்த சாறு) மிதக்கும் பொரித்த டோஃபு, கசப்பான பியரை மன்னிக்காது. கசப்பு மட்டும் தனியாக நட்டுக்கொண்டு நிற்கும். அதற்குக் கோதுமை பியர்தான்.

இப்போது யாகிடோரிக்கு வருவோம், பாடம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கோழியின் ஒவ்வொரு பாகமும் தனித்தனிக் குச்சி: தொடை என்றால் மோமோ, தோல் என்றால் காவா, ஈரல் என்றால் ரெபா, கற்குடல் என்றால் சுனாகிமோ, அரைத்துப் பிடித்த உருண்டை என்றால் சுகுனே, தொடைக்கறிக்கு நடுவே தடித்த வெங்காயத்தாள் கோத்தது நெகிமா. ஆர்டர் எடுப்பவர் கேட்பது ஒரே கேள்வி: "ஷியோவா, தாரேயா?" ஷியோ என்றால் வெறும் உப்பு. தாரே என்றால் சோயா சாஸ், மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது), சாக்கே, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. அன்றைக்கு எனக்கு எதிரே தைஷோ செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்: பாதி வெந்த குச்சியை எடுத்து, வாய் அகன்ற மண்ஜாடிக்குள் ஒரு முக்கு, சொட்டச் சொட்டத் தூக்கி மறுபடி கரிமேல், விழுந்த சொட்டு சுர்ரென்று புகைந்து அந்தப் புகையே மீண்டும் கோழியில் படிய, இன்னொரு முக்கு, இன்னொரு திருப்பு. சர்க்கரை கொப்புளித்து ஓரம் கருத்தது. ஜாடியை அவர் காலியாக்குவதே இல்லை, குறையக் குறையப் புதுக் குழம்பு ஊற்றிக்கொண்டே இருப்பார், பல கடைகளில் அப்படித்தான்.

ஆக, ஒரே கோழி, ஒரே கரி, ஆனால் இரண்டு வேறு சாப்பாடு. ஷியோ குச்சிக்கு ஹாப்ஸ் வாசனை உள்ள வெளிர் நிற பியர்: பேல் ஏல், கசப்பு மிதமான ஐபிஏ, இல்லாவிட்டால் பில்ஸ்னர். உப்பு கசப்பை அடக்கும், ஹாப்ஸின் பழவாசனை எலுமிச்சை பிழிந்ததுபோல வேலை செய்யும். தாரே குச்சிக்கு அதே பேல் ஏலைக் குடித்துப் பாருங்கள், சர்க்கரைக்கு முன்னால் பியர் வறண்டு, காய்ந்த இலைபோல ஆகிவிடும். அதற்கு மால்ட் பக்கம் போக வேண்டும்: ஆம்பர் ஏல், பழுப்பு ஏல், போர்ட்டர். ஓரம் கருகிய சர்க்கரையும் வறுத்த மால்ட்டும் ஒன்றோடொன்று கலந்து எது சாப்பாடு எது பியர் என்றே தெரியாத ஒரு நொடி வரும். ஈரலுக்குத் தாரே போட்டு, ஸ்டவுட்டோடு சாப்பிடுங்கள். ஈரலே பிடிக்காத என் ரூம்மேட் இதற்குப்பிறகு இரண்டாவது குச்சி கேட்டான். தோல் மட்டும் விதிவிலக்கு, அதில் கொழுப்பு அதிகம்; உப்பானாலும் தாரேயானாலும் காஸும் கசப்பும் தூக்கலான பியர்தான் சரி. சுகுனேயைப் பச்சை முட்டை மஞ்சள் கருவில் தொட்டுச் சாப்பிடக் கொடுத்தால் கசப்பு பியரைத் தள்ளிவையுங்கள்.

பொரித்த வகைகளுக்குப் பெரிய யோசனை தேவையில்லை. கராகேவுக்கு, அதாவது இஞ்சி பூண்டு சோயாவில் ஊறவைத்துப் பொரித்த கோழிக்கு, காஸ் நிறைந்த எதுவும் ஓடும்; கூட ஒரு எலுமிச்சைத் துண்டு வந்தால் பேல் ஏல் இன்னும் ஓடும். ஒசாகாவின் குஷிகட்சு, குச்சியில் குத்திப் பொரித்தது, பொதுக் கிண்ணத்து சாஸில் ஒரே ஒரு முறைதான் முக்க வேண்டும், கடித்ததை மறுபடி முக்கினால் கடையே திரும்பிப் பார்க்கும். அந்த சாஸ் புளிப்பும் இனிப்புமானது, அதற்கு பில்ஸ்னர். ஒகோனோமியாகி (முட்டைக்கோஸ் அடை), தாகோயாகி (ஆக்டோபஸ் உருண்டை) மாதிரி கெட்டியான இனிப்பு சாஸ் ஊற்றியவற்றுக்கு ஆம்பர் ஏல்.

கியோஸாவைப் பற்றி, அதாவது மெல்லிய மாவுக்குள் கறி வைத்து மடித்த கொழுக்கட்டையைப் பற்றி, ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கட்சி: அடி முறுகிய கியோஸாவுக்குச் சாதா லாகர், பேச்சே கிடையாது.

பச்சை மீனில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள், என்னைப்போல. எண்ணெய்ச்சத்து அதிகமான மீன், கானாங்கெளுத்தி, மத்தி வகையறா, ஹாப்ஸ் தூக்கலான பியரோடு சேர்ந்தால் உலோகவாடை கிளம்பும். வெள்ளைச் சதை மீனுக்கோ கசப்பு பியர் வந்தால் மீனின் ருசியே காணாமல் போய்விடும். சஷிமித் தட்டு வந்தால் நான் பெல்ஜியம் பாணிக் கோதுமை பியருக்குப் போய்விடுவேன். ஆரஞ்சுத் தோல் வாசனை மீனுக்கு எலுமிச்சை பிழிந்த வேலையைச் செய்யும். ஹிட்டாச்சினோ வெள்ளை ஏலும், யோ-ஹோவின் 'புதன்கிழமைப் பூனை'யும் (பெயரே அதுதான், சுய்யோபி நோ நேகோ) இந்த வகை. யுசு என்ற நார்த்தங்காய்ச் சாதிப் பழத்தின் தோல் போட்ட கோதுமை பியர்களும் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள். வசாபி காரம் மூக்குவரை ஏறி நொடியில் இறங்கிவிடும், பியரைப் பெரிதாகக் கெடுக்காது. மிளகாய்க் காரம் அப்படியில்லை. காரத்துக்கு மேல் ஆல்கஹால் அதிகமான ஐபிஏ ஊற்றினால் எரிகிற அடுப்பில் எண்ணெய்தான்.

இந்தக் கோதுமை பியர்களின் பழைய பாட்டில் எதிலாவது 'ஹப்போஷு' என்று போட்டிருந்தால் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மால்ட் குறைவான மலிவுச் சரக்குக்கு அந்தப் பெயர் பழகிப்போனது உண்மைதான். ஆனால் 2018 ஏப்ரல்வரை தனியாவோ பழத்தோலோ சேர்த்தாலே சட்டப்படி அது பியர் இல்லை, ஹப்போஷுதான். கவாகோயே ஊரின் சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டுக் காய்ச்சும் கோஎடோ பெனியாகாவும் இந்த விதியில் மாட்டியதுதான். அந்த பியர், மிசோ தடவிச் சுட்ட கத்தரிக்காயோடு, அதாவது நாசு தெங்காகுவோடு, அருமையாகப் போகும், இனிப்புக்கு இனிப்பு.

பாகற்காய் என்றேனே, அது ஒகினாவாவில் அன்றாடச் சமையல். கோயா சம்புரு என்று பாகற்காய், டோஃபு, முட்டை, பன்றி இறைச்சி போட்டு வதக்குவார்கள். கசப்புக்குக் கசப்பு என்று ஐபிஏ எடுத்தால் நான்காவது வாயில் அலுத்துவிடும். மெல்லிய லாகர் போதும். 'ஒத்ததோடு ஒத்ததைச் சேர்' என்ற யோசனை வறுத்த மணத்துக்கும் இனிப்புக்கும் சரி, கசப்புக்குச் சரிப்படாது.

குடிக்கும் வரிசையும் முக்கியம். மெல்லியதில் ஆரம்பித்துக் கனமானதுக்குப் போங்கள். ஐபிஏ ஒன்று உள்ளே போனபிறகு கோதுமை பியர் தண்ணீராகத்தான் தெரியும். சாப்பாடும் நல்லவேளையாக அதே வரிசையில்தான் வரும், எடமாமே, சஷிமி, சுட்டது, பொரித்தது, மிசோ என்று. குளிர்ச்சி விஷயத்தில் ஒரு சொல்: லாகர் சில்லென்று இருக்கட்டும், ஆனால் ஏலையும் ஸ்டவுட்டையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துக் குடித்தால்தான் நீங்கள் காசு கொடுத்த வாசனை வரும். பெரிய மக் கேட்காதீர்கள், சின்ன கிளாஸில் இரண்டு வகை வாங்குவது லாபம்.

கடைக்குப் போக வாய்ப்பில்லை என்றால் வீட்டிலேயே ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். ஜப்பானில் இருப்பவர்களுக்கு இது சுலபம், யோனா யோனா ஏலும் அதே ஆலையின் 'டோக்கியோ பிளாக்' போர்ட்டரும் கேனில் கிடைக்கும். ('இந்தோ நோ அவோஒனி', இந்தியாவின் நீலப் பிசாசு, என்று ஒரு ஐபிஏ கேனும் அவர்களுடையதுதான், 7 சதவீதம். அன்றைக்கு என்னைக் கானாங்கெளுத்தியிடம் மாட்டிவிட்டதும் இப்படி ஒரு பிசாசுதான்.) வேறு ஊர்க்காரர்கள் கையில் கிடைக்கும் ஒரு பேல் ஏல், ஒரு போர்ட்டர் அல்லது ஸ்டவுட் வாங்கினால் போதும். கோழித் தொடையைத் துண்டுபோட்டு, பாதியை உப்பு மட்டும் போட்டுச் சுடுங்கள். மீதியைச் சுட்டு, சோயா சாஸும் சர்க்கரையும் கெட்டியாகக் காய்ச்சி மூன்று முறை தடவி மீண்டும் தீயில் காட்டுங்கள். இரண்டு கோழி, இரண்டு கிளாஸ், நான்கு ஜோடி. அதில் ஒரு ஜோடி நிச்சயம் உங்களை முகம் சுளிக்க வைக்கும், அதைத் தவறாமல் ருசியுங்கள். நல்ல ஜோடி ஏன் நல்லது என்று சொல்லிக்கொடுப்பது அந்த ஒன்றுதான்.

கடைசியில் ஷிமே வரும், முடித்துவைக்கும் சோறு அல்லது நூடுல்ஸ். பலர் ஓச்சாசுகே கேட்பார்கள்: சோற்றின்மேல் உமேபோஷி ஊறுகாயோ சுட்ட மீன் துண்டோ வைத்துச் சூடான டீயை ஊற்றிக் கலக்கிக் குடிப்பது, ஏறக்குறைய நம் ரசஞ்சோறு இடத்தில் வருவது. இதற்கு எந்த பியர் என்று நானும் ஒருமுறை தைஷோவிடம் கேட்டேன். அவர் என் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.